லாக்ஸ்டன் பேரிஷின் மூன்று வயல்கள்: 1635ஆம் ஆண்டு வரைபடம் பற்றிச் சில சந்தேகங்கள்

புலப்படம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். சங்கிலி இழுத்து அளந்த காலத்தில் வேலையில் சேர்ந்து, செயற்கைக்கோள் கருவிகள் வந்த பிறகு வெளியே வந்தேன். மகள் குடும்பம் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் இருக்கிறது. சென்ற கோடையில் அங்கே தங்கியிருந்தபோது, அந்த மாவட்டத்தைச் சேர்ந்த லாக்ஸ்டன் என்னும் சிற்றூருக்கு 1635ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்ற அளவர் வரைந்த வரைபடத்தின் அச்சுப்படி ஒன்று பார்க்கக் கிடைத்தது. மூலம் ஒன்பது தாள்களில் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். தொழில் வாசனை விடவில்லை; மகள் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அந்தப் படத்தை விட்டு எழுந்தேன்.

நம் ஊரில் புலப்படமும், எந்த நிலம் யாருடையது என்று எழுதிய அ-பதிவேடும் சேர்ந்தால்தான் ஒரு நிலத்தின் கதை முழுமையாகும். அங்கும் அப்படியே: வரைபடத்தோடு ஒரு பதிவேடும் எழுதியிருக்கிறார்கள். அதன்படி ஒரே குடியானவரின் நிலம் இங்கே ஒரு கீற்று, அரை மைல் தள்ளி ஒரு கீற்று, இன்னொரு வயலின் மறுகோடியில் ஒரு கீற்று என்று சிதறிக் கிடக்கிறது. ஒன்றிரண்டு பேருக்கு அல்ல, எல்லோருக்கும் அப்படித்தான். என் பணிக்காலத்தில் இப்படிச் சிதறிய உட்பிரிவுகளைக் கண்டால் மூன்று நான்கு தலைமுறைப் பாகப்பிரிவினை என்று உடனே சொல்லிவிடுவேன். ஆனால் இங்கே சிதறலில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வேண்டுமென்றே சிதறடித்தது போல இருக்கிறது.

என் சந்தேகங்கள் இவை. படத்தின் விளக்கத்தில் ‘மேனர்’ என்று இருக்கிறது, பேசுகிறவர்களோ ‘பேரிஷ்’ என்கிறார்கள், இரண்டும் ஒன்றா? நிலத்தை இப்படிச் சிதறடித்து உழுததில் என்ன லாபம்? நாட்டிங்காமிலிருந்து வடக்கே போகும் வழியெல்லாம் வேலி போட்ட வயல்களையே பார்த்தேன். லாக்ஸ்டனில் மட்டும் வேலியற்ற அந்தப் பழைய வயல்கள் இன்றும் உழப்படுகின்றன என்கிறார்களே, அது எப்படி? படத்தில் ஆங்காங்கே எறும்பளவில் மனிதர்களை வரைந்திருக்கிறார்கள். அவர்கள் வெறும் அலங்காரமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சேகரம் எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் முதல் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்; உழவு பற்றி எழுத இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பேரிஷ் என்பதற்குத் தமிழில் நாம் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கத்தோலிக்கர்கள் அதைப் ‘பங்கு’ என்கிறார்கள். பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்ற சொற்கள் எல்லோரும் அறிந்தவை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சீர்திருத்தச் சபையார் ‘சேகரம்’ என்கிறார்கள். ஆனால் நம் பங்கும் சேகரமும் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியவை. இங்கிலாந்தின் பேரிஷ் அப்படியன்று. அதன் எல்லைக்குள் வாழ்ந்த ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்தக் கோயிலுக்கு உட்பட்டவர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்குப் போயாக வேண்டும். 16ஆம் நூற்றாண்டிலிருந்து அரசும் தன் சுமைகளை ஒவ்வொன்றாக இந்தப் பேரிஷின் தலையில் ஏற்றியது. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பேரிஷும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். 1555ஆம் ஆண்டுச் சட்டம் சாலைப் பராமரிப்பைப் பேரிஷிடம் கொடுத்தது. அதற்கென ஊரார் தேர்ந்தெடுத்த ஆளுக்குப் பெயரே ‘சர்வேயர்’தான் என்பது உங்களுக்குப் பிடிக்கும். 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், தன் எல்லைக்குள் உள்ள வறியவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பையும், அதற்கு வரி வசூலிக்கும் உரிமையையும் பேரிஷுக்கே தந்தது.

இதனால் எல்லை எங்கே என்பது மிகவும் பெரிய விஷயமாகிவிட்டது. ஆதரவற்ற ஒரு பெண் எல்லைக்கு இந்தப் பக்கம் பிள்ளை பெற்றால் செலவு நம்முடையது, அந்தப் பக்கம் பெற்றால் அவர்களுடையது என்ற கணக்கு. இந்தக் கணக்கின் பெயரால் நிறைமாத கர்ப்பிணிகளை அடுத்த பேரிஷுக்கு விரட்டியடித்த வழக்குகள் பல ஊர்ப் பதிவுகளில் உண்டு. வரைபடம் இல்லாத காலத்தில் எல்லையை மறக்காதிருக்க, இயேசுவின் விண்ணேற்ற நாளை ஒட்டி ஊரார் ஊர்வலமாக எல்லை நெடுகிலும் நடப்பார்கள். சிறுவர்களையும் அழைத்துப்போய், எல்லைக் கல் வரும் இடங்களில் அவர்களை அதன்மேல் லேசாக மோதவிடுவதும் உண்டு. வலித்த இடம் வயதான பிறகும் நினைவிருக்கும் அல்லவா!

மேனர் வேறு. அது ஒரு பிரபுவின் நிலவுடைமை. ஒரு பேரிஷுக்குள் இரண்டு மூன்று மேனர்கள் இருக்கலாம். ஒரு மேனர் இரண்டு பேரிஷ்களில் பரவியும் இருக்கலாம். பேரிஷின் தலைமை கோயிலில் கூடும் சபையிடம் இருக்கும். மேனருக்குப் பிரபுவின் மேலாளர் நடத்தும் மன்றம் உண்டு. லாக்ஸ்டனில் இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே நிலப்பரப்பின் மேல் அமைந்திருந்ததால்தான் மக்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். அருகிலுள்ள மூர்ஹவுஸ் என்ற குக்கிராமமும் லாக்ஸ்டன் பேரிஷைச் சேர்ந்ததே. நீங்கள் பார்த்தது பிரபுவுக்காக வரைந்த உடைமைப்படம். ஆகவே அதில் மேனர் என்று இருப்பது சரியே.

டிரென்ட்கரை எழுதியது:

நான் லாக்ஸ்டனிலிருந்து பதினைந்து மைல் தொலைவில் பத்தாண்டுகளாக வசிக்கிறேன். அந்த ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஐயாவின் இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் பண்ணைவீடு தன் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் பண்ணைவீடுகள் எல்லாம் தெருவிலேயே இருக்கின்றன. பல வீடுகள் தெருவுக்குப் பக்கவாட்டுச் சுவரைக் காட்டி நிற்க, பின்புறம் நீண்ட கொல்லை ஓடுகிறது. நிலம் நான்கு திசையிலும் சிதறிக் கிடந்தால் வீட்டை எந்த நிலத்தில் கட்டுவது? ஆகவே எல்லோரும் நடுவூரில் குடியிருந்தார்கள். ஊருக்கு வடக்கே, இன்று புல் மண்டிக் கிடக்கும் ஒரு பெரிய மண்மேட்டுக் கோட்டை இருக்கிறது. நார்மானியர் வருகைக்கு முன் இந்த ஊர் டோச்சி என்பவனிடம் இருந்தது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பில் அது ஜெஃப்ரி ஆல்செலின் பெயருக்கு மாறிவிட்டது. பின்னால் வந்த எவரிங்காம் குடும்பத்தார் ஷெர்வுட் காட்டின் காவல் உரிமையைப் பரம்பரையாக வைத்திருந்தவர்கள். அவர்களுடைய கற்சிலைகள் தூய மிக்கேல் கோயிலில் படுத்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவமும் உண்டு. கற்சிலைகள் எத்தனை இருந்தாலும், என் கண் ஒவ்வொரு முறையும் அந்த மரத்தின் மேலேயே போய் நிற்கிறது.

இனி வயல்கள். மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என மூன்று. 1635இல் கிழக்கு வயல் என்று நான்காவது ஒன்றும் இருந்தது; அது சிறியது என்பதால் மேற்கு வயலோடு சேர்த்தே பயிர் முறை வைத்தார்கள். ஓராண்டில் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, பயறு போன்றவை, மூன்றாவது தரிசு. மறு ஆண்டு முறை மாறும். இந்த ஒழுங்கில் ஒருவருடைய நிலம் முழுவதும் ஒரே வயலில் இருந்தால் மூன்றில் ஓராண்டு அவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே மூன்று வயல்களிலும் ஏறக்குறையச் சமமாக நிலம் வேண்டும். சிதறலுக்கு முதற்காரணம் இதுவே.

ஒரே வயலுக்குள்ளும் ஏன் பல கீற்றுகள் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. 1930களில் லாக்ஸ்டனை ஆராய்ந்த சி. எஸ். ஆர்வின் தம்பதியர், இது ஏரிலிருந்தே பிறந்தது என்றார்கள்: ஊரார் ஏர்களைச் சேர்த்து உழும்போது, ஒரு நாளில் உழுது முடிக்கும் அளவு ஒரு கீற்று, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று வரிசையாகப் பகிர்ந்தால் சிதறல் தானாக வரும். 1970களில் பொருளாதார வரலாற்றறிஞர் மக்லாஸ்கி, இதைக் குடியானவரின் காப்பீடு என்று வாதிட்டார்: தாழ்ந்த களிமண் மழையில் அழுகினாலும் மேட்டுக் கீற்று பிழைக்கும், வறட்சியில் மேடு காய்ந்தாலும் தாழ்வு கைகொடுக்கும். லாக்ஸ்டன் மண் கனத்த களி. நவம்பரில் ஒருமுறை பூட்ஸோடு அதில் இறங்கினால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் என்ன வேறுபாடு என்பது விளங்கிவிடும். எனக்கு இரண்டாவது விளக்கம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனால் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கவும் கூடும்.

ஐயா அளவர் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் ஒருகாலத்தில் பர்லாங்குக் கற்கள் நின்றன அல்லவா? பர்லாங்கு என்பது இந்த வயல்களில் பிறந்த சொல். ‘சாலின் நீளம்’ என்று பொருள். எருதுகள் ஒரே மூச்சில் இழுத்துப் போகும் நீளம் 220 கெஜம். அதற்குக் குறுக்கே 22 கெஜம் அகலம் எடுத்தால் ஓர் ஏக்கர். அந்த 22 கெஜமே நீங்கள் இழுத்த கண்டர் சங்கிலியின் நீளமும், கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் ஆகும்.

இந்த ஏற்பாட்டை நடத்துவது ‘கோர்ட் லீட்’ என்னும் மேனர் மன்றம். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு ஜூரர்களும் ஒரு தலைவரும் புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறார்கள். இன்று டிராக்டரின் பின்னால் பூட்டிய வண்டியில் ஏறிப் போகிறார்கள். கீற்றுகளின் எல்லையில் முளை அடிக்கிறார்கள். யாராவது பொதுப்பாதையிலோ, ‘சைக்’ எனப்படும் பொதுப் புல்தரையிலோ ஏரை நுழைத்திருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு ஊரின் டவ்கோட் விடுதியில் மதிய உணவு. அடுத்த வாரம் அதே விடுதியில் மேலாளர் தலைமையில் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். அடுத்த ஆண்டுக்கான ஜூரர்களையும் அப்போதே நியமிப்பார்கள். அபராதத் தொகை சிறியது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பன்னிரண்டு பேர் நடுவே, நீ இரண்டு சால் தள்ளி உழுதாய் என்று சொல்லக் கேட்பது சிறிய தண்டனை அல்ல.

பயிரில் புகும் மாட்டைப் பிடித்து அடைக்க ஒரு பட்டியும், அதற்கொரு காவலாளும் இருந்தார்கள். நம் ஊர்களில் ‘பவுண்டு’ என்றோ கொண்டித்தொழு என்றோ வழங்கியது இதே ஏற்பாடு. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதை இந்தியா முழுவதற்கும் பொதுவாக்கியது.

புலப்படம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சால் நீளம்தான் பர்லாங்கு என்பதை இத்தனை ஆண்டு பர்லாங்குக் கணக்கில் புழங்கிய நான் இன்றுதான் அறிகிறேன், வெட்கமாக இருக்கிறது. படத்தில் கீற்றுகள் நேர்கோட்டில் இல்லாமல், இருமுனையிலும் எதிரெதிராக வளைந்து, திருப்பிப் போட்ட ஆங்கில ‘எஸ்’ போல ஓடுகின்றன. எட்டு மாடு பூட்டிய ஏரைக் கோடியில் திருப்புவதற்கு முன்கூட்டியே சாய்க்க வேண்டியிருந்ததால் வந்த வளைவு அது என்று ஊகிக்கிறேன், சரியா?

இன்னொன்றும் தோன்றுகிறது. தாங்களே எல்லை பார்த்து, தாங்களே அபராதம் போட்டு, எட்டு நூற்றாண்டுக்கு மேல் ஓர் ஊர் தன்னைத்தானே ஆண்டிருக்கிறது என்றால், மற்ற ஊர்கள் விட்டதை இவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்றுதானே பொருள்?

மேல்வாரம் எழுதியது:

வளைவு பற்றிய உங்கள் ஊகம் சரியானது. கடைசி வரிதான் சரியில்லை. அதை மறுக்கவே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

லாக்ஸ்டன் தப்பியதற்குக் குடியானவர்களின் பிடிவாதம் காரணமன்று. நிலம் அவர்களுடையதாக இருந்தால் அல்லவா பிடித்துக்கொள்வதற்கு! பெரும்பகுதி பிரபுக்களுடையது, உழுதவர்கள் குத்தகைதாரர்கள். இங்கிலாந்தில் 1604க்கும் 1914க்கும் இடையே 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றி, 68 லட்சம் ஏக்கரை, அதாவது நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், வேலிக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டங்கள் ஊராரின் தலையை எண்ணவில்லை. நிலத்தின் மதிப்பை எண்ணின. மதிப்பில் முக்கால் பங்குக்கு உரியவர்கள் சம்மதித்தால் போதும். சிதறிய கீற்றுகளைச் சேர்த்து வேலியிட்டு, புதிய குத்தகைக்கு விட்டால் வருமானம் கூடும் என்பது நிலவுடைமையாளர் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு லாக்ஸ்டனில் ஏன் நடக்கவில்லை? இங்கு நிலம் ஒரே கையில் இல்லை. பியர்பாயிண்ட் குடும்பம், அதாவது பிற்காலத்து மான்வர்ஸ் பிரபுக்கள், பெரிய உடைமையாளர்கள். ஸ்கார்பரோ பிரபுவுக்கும் கணிசமான நிலம் இருந்தது. இவற்றுக்கிடையே சிறு உடைமையாளர்களின் கீற்றுகளும் கலந்து கிடந்தன. பெரிய கைகள் இரண்டும் ஒத்துப்போகவில்லை; காலம் தள்ளிப்போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து விலை சரிந்த பிறகு, வேலிக்கும் வாய்க்காலுக்கும் புதுப் பண்ணைவீட்டுக்கும் பணம் கொட்டுவதில் பொருளில்லாமல் போயிற்று. நீங்கள் பாராட்டும் பழமைக்கு வேர் பிரபுக்களின் பிணக்கும் தானிய விலையும் ஆகும்.

தப்பியது முழுவதுமாகத் தப்பவும் இல்லை. 1635ஆம் ஆண்டுப் படத்தையே மறுபடி பாருங்கள்: பேரிஷின் ஓரங்களில் கணிசமான பரப்பு அப்போதே அடைத்த புலங்களாக இருக்கும். அதற்குப் பிறகும் திறந்தவயல், அதாவது வேலியற்ற பொதுவயல், ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் பிரபு கீற்றுகளைச் சேர்த்து அளவில் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்தார். கிழக்கு வயல் இன்று திறந்தவயல் அல்ல. சுற்றுலாப் பயணி பார்க்கும் அகன்ற கீற்று 1635இன் கீற்று அன்று. அதன் முறை மட்டுமே பழையது.

‘ஊர் தன்னைத்தானே ஆண்டது’ என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. எந்த ஊர்? ஜூரியில் உட்கார்ந்தவர்கள் நிலம் பிடித்திருந்தவர்கள். ஒரு கீற்றும் இல்லாமல், இன்னொருவர் கீற்றில் கூலிக்கு அறுத்தவர், கதிர் பொறுக்கிய கைம்பெண், ஓராண்டு ஒப்பந்தத்தில் பண்ணைவீட்டில் தங்கிய வேலைக்காரப் பையன் ஆகியோர் வரைபடத்தோடு வந்த பதிவேட்டில் இல்லை. அவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் மேனரின் ஏடுகளை மூடிவிட்டு, நெல்லைச்சேகரம் சொன்ன பேரிஷின் ஏடுகளைத் திறக்க வேண்டும். திருமுழுக்கு, அடக்கப் பதிவுகளிலும், ஏழைகளுக்குக் காலணியும் விறகும் வாங்கிக்கொடுத்த கணக்குகளிலும்தான் அவர்கள் தட்டுப்படுவார்கள். அந்தத் தர்மமும் பிற்காலத்தில் கடுமையானது. இதே மாவட்டத்தில் சவுத்வெல் என்ற ஊரில் 1824இல் பெச்சர் என்ற பாதிரியார் முன்னின்று கட்டிய ஏழையர் விடுதியில், கணவன் ஒரு பிரிவிலும் மனைவி ஒரு பிரிவிலும் குழந்தைகள் வேறொரு பிரிவிலும் அடைக்கப்பட்டார்கள். 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம் நாடு முழுவதும் பரப்பியது இந்த மாதிரியைத்தான். லாக்ஸ்டனைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பேன். இரண்டுக்கும் இடையே அதிக தூரமில்லை.

டிரென்ட்கரை எழுதியது:

மேல்வாரம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். வயல்கள் பிழைத்ததற்கு உடைமையாளர்களே முதற்காரணம். 1952இல் ஆறாம் மான்வர்ஸ் பிரபு தம் நிலத்தை வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றிராவிட்டால் கதை அப்போதே முடிந்திருக்கும். 1981இல் அது அரசமுடியின் நிலத்துறைக்குப் போயிற்று. 2020இல் தோர்ஸ்பி பண்ணையத்தார், அதாவது பழைய பியர்பாயிண்ட் வழியினர், மீண்டும் வாங்கினார்கள். எழுபதாண்டுக்குள் மூன்று கை மாறியதில் உழுதவர் எவருக்கும் முடிவெடுக்கும் உரிமை இருக்கவில்லை.

ஆனால் உடைமையாளர் வேலி போடாமல் விட்டால் மட்டும் திறந்தவயல் தானாக நடந்துவிடாது. வேலியில்லாத நிலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அருகருகே உழுதால், ஆண்டுக்கு ஒரு சால் வீதம் பொதுப்பாதை மறைந்துவிடும். இது எந்த ஊரிலும் நடப்பதுதான். டெவனில் பிரான்டன், லிங்கன்ஷயரில் ஆக்ஸோம் தீவு ஆகிய இடங்களில் கீற்றுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. பயிர் முறையை நடத்தும் மன்றம் அங்கே இல்லை. லாக்ஸ்டனில் மட்டும் அது இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் தீர்ப்பதிகாரத்தை முடித்துவைத்தபோதும் லாக்ஸ்டன் மன்றம் தன் வேலையைத் தொடர வழி விட்டது. உச்சியில் உரிமை யாரிடம் இருந்தாலும், முளை அடிக்க வயலில் இறங்கியவர்கள் குடியானவர்களே. அவர்கள் நிலமற்றவர்களை உட்கார வைத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. அதற்காக அந்த முளைகள் பொய்யாகிவிடா.

துறைமுகம் எழுதியது:

வயலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. படத்தை வரையச் சொன்னவரைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. அவர் சர் வில்லியம் கோர்ட்டன். ஃபிளாண்டர்ஸிலிருந்து தஞ்சம் தேடி லண்டனுக்கு வந்த துணி வணிகர் ஒருவரின் மகன். பட்டிலும் லினனிலும் பெரும் பணம் சேர்த்து அரசருக்கே கடன் கொடுத்தவர். 1620களில் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்கு முதலீடு செய்தவர். கடலில் சம்பாதித்த பணத்தை நிலத்தில் போட்டபோது வாங்கியவற்றுள் ஒன்று லாக்ஸ்டன் மேனர். உழவு தெரியாத உடைமையாளருக்குத் தன் நிலம் எங்கே, எவ்வளவு, யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகப் பிறந்ததுதான் மார்க் பியர்ஸின் படம்.

நமக்குச் சுவையான செய்தி இதற்குப் பிறகுதான். படம் வரையப்பட்ட அதே 1635ஆம் ஆண்டின் டிசம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையைப் பொருட்படுத்தாமல், கோர்ட்டனின் கூட்டத்தார் இந்தியாவோடு வாணிகம் செய்ய முதலாம் சார்லஸ் அனுமதி தந்தார். 1636 ஏப்ரலில் ஜான் வெட்டல் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டுக் கோவாவுக்கும் பட்கலுக்கும் வந்தன. பிறகு சீனத்துக் கான்டனுக்கும் போயின. கோர்ட்டன் அவற்றின் முடிவைப் பார்க்கவில்லை; அந்த 1636ஆம் ஆண்டிலேயே இறந்துபோனார். சில ஆண்டுகளில் லாக்ஸ்டன் பியர்பாயிண்ட் குடும்பத்துக்குக் கைமாறிற்று. ஆக, நாட்டிங்காம்ஷயர்க் களிமண்ணில் கீற்று கீற்றாக அளந்த செலவும், கொங்கணக் கரையில் நங்கூரம் போட்ட செலவும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை.

புலப்படம் எழுதியது:

மேல்வாரம் அவர்களே, மறுப்புக்கு நன்றி. என் வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் துறையிலும் அ-பதிவேட்டில் பெயரில்லாதவர் எங்களைப் பொறுத்தவரை இல்லாதவரே. முப்பத்தோராண்டில் ஒரு கூலியாளின் பெயரையும் நான் எழுதியதில்லை.

எறும்பளவு மனிதர்களைப் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால், மகளிடம் சொல்லி அந்த அச்சுப்படியை மீண்டும் ஒளிப்படம் எடுத்து அனுப்பச் செய்து, உருப்பெருக்கிப் பார்த்தேன். ஒருவன் ஏர் பிடிக்கிறான். சிலர் அறுவடை செய்கிறார்கள். இன்னொரு பக்கம் குதிரை மேல் இருப்பவர்கள் நாய்களை ஏவி வேட்டையாடுகிறார்கள். பதிவேட்டில் இடம்பெறாத கூலியாட்களை அளவர் வயலிலேயே வரைந்துவிட்டார் போலிருக்கிறது, பெயர் போடாமல். வேட்டையாடுகிறவர்கள் யாருடைய கீற்றின் மேல் குதிரையை விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் பதிவேட்டின் படியும் வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று டிரென்ட்கரை அவர்கள் விசாரித்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.